படிவுவாழ் நுண்பாசிகள்

படிவுவாழ் நுண்பாசிகள் என்பவை கழிமுகங்கள், துறைமுகங்கள், காயல்கள், ஆழம் குறைந்த கடலோரங்கள் ஆகியவற்றின் அடியில் படிந்துள்ள சேற்றிலும் மணலிலும் வாழும் மிகச் சிறிய பாசிகள் ஆகும். இவற்றுள் பெரும்பாலானவை ஒரே ஓர் உயிரணுவால் ஆனவை. இவற்றின் நீளம் ஏறத்தாழ 5 முதல் 200 மைக்ரோமீட்டர் வரை இருக்கும் (ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோமீட்டர்). தனித்தனியே கண்ணுக்குப் புலப்படாவிட்டாலும், கோடிக்கணக்கில் ஒன்றுசேரும்போது சேற்றின் மேல் பொன்பழுப்பு நிறத்திலோ பச்சை நிறத்திலோ ஒரு மெல்லிய படலமாக இவை தென்படுகின்றன.

செடியும் புல்லும் இல்லாத சேற்றுவெளி பார்ப்பவருக்கு வெறுமையாகத் தோன்றும். ஆனால் அச்சேற்றின் மேற்பரப்பில் ஓரிரு மில்லிமீட்டர் தடிப்பில் அமைந்துள்ள இந்த உயிர்ப்படலமே பல கழிமுகங்களில் நத்தை, புழு, மீன், பறவை ஆகியவற்றின் உணவுக்கு அடிப்படையாக உள்ளது. சேறு அலையில் அரிக்கப்பட்டுப் போகாமல் பிடித்து வைப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு. துறைமுகங்களை ஆழப்படுத்துதல், சேற்றுவெளிகளை மண்ணிட்டு நிரப்புதல் போன்ற பணிகளைத் திட்டமிடும்போது எளிதில் கவனத்திற்கு வராமல் போவதும் இதுவே.

பெயரும் வரையறையும்

நீரில் மிதந்து வாழும் பாசிகள் மிதவைப்பாசிகள் அல்லது தாவர மிதவையுயிரிகள் எனப்படும். நீரின் அடித்தளத்தைச் சார்ந்து வாழ்பவை அடித்தளப் பாசிகள் எனப்படும். அடித்தளப் பாசிகளுள் பாறையிலும் கப்பலின் அடிப்புறத்திலும் ஒட்டி வாழ்பவை ஒரு பிரிவு. தளர்வான படிவுகளுக்குள்ளும் அவற்றின் மேலும் வாழ்பவை மற்றொரு பிரிவு. இக்கட்டுரை இரண்டாவது பிரிவைப் பற்றியது.

படிவுவாழ் நுண்பாசிகளை அவை வாழும் முறையைக் கொண்டு மேலும் இரண்டாகப் பிரிப்பர். நுண்ணிய சேற்றுத் துகள்களுக்கிடையே தன்னியல்பாக ஊர்ந்து திரிபவை சேறுவாழ் பாசிகள். மணல் துகள்களின் மேல் இறுக ஒட்டிக்கொண்டு, இடம் பெயராமல் அல்லது மிகக் குறைவாகவே பெயர்ந்து வாழ்பவை மணல்வாழ் பாசிகள். அலை மிகுந்த இடங்களில் மணலும், அலை குறைந்த உட்பகுதிகளிலும் துறைமுகத் தொட்டிகளிலும் சேறும் படிவதால், ஓரிடத்தின் நீரோட்டமே அங்கு எவ்வகைப் பாசி மிகும் என்பதைப் பெரிதும் முடிவு செய்கிறது.

வாழிடம்

கழிமுகம் என்பது ஆற்றின் நன்னீரும் கடலின் உவர்நீரும் கலக்கும் பகுதி. நாள்தோறும் ஓதம் ஏறி வற்றுவதால் இங்கு உப்பின் அளவு, வெப்பநிலை, ஒளி, ஈரம் ஆகியவை சில மணிநேரங்களுக்குள்ளேயே பெருமளவு மாறுகின்றன. ஓதம் வற்றும்போது வெளிப்பட்டு, ஏறும்போது மூழ்கிவிடும் சமதளமான பகுதிகள் ஓதச் சேற்றுவெளிகள் எனப்படும்.

தமிழகக் கடற்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் குறைவு. ஆகவே மிக அகன்ற சேற்றுவெளிகள் இங்கு உருவாவதில்லை. கனடாவின் பண்டி வளைகுடாவின் உட்பகுதியான மைனாஸ் நீர்ப்பரப்பில் இந்த ஏற்ற இறக்கம் 16 மீட்டர் வரை செல்கிறது. இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் இடையிலுள்ள செவர்ன் கழிமுகத்திலும் இது மிகப் பெரியது. நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் ஆகிய நாடுகளின் கரையோரமாக நீளும் வாடன் கடல், உலகின் மிகப் பெரிய ஓதச் சேற்றுவெளித் தொடர்களுள் ஒன்று. இது 2009 இல் யுனெஸ்கோவின் உலக மரபுக் களமாக அறிவிக்கப்பட்டது; டென்மார்க்கின் பகுதி 2014 இல் சேர்க்கப்பட்டது. படிவுவாழ் பாசிகள் பற்றிய ஆய்வுகள் பல இத்தகைய இடங்களில் நடந்தவை. அதனால் கீழே தரப்படும் எடுத்துக்காட்டுகளும் பெரும்பாலும் இவ்விடங்களைச் சார்ந்தவை.

சேற்றினுள் ஒளி மிக விரைவாகக் குறைந்துவிடும். நுண்ணிய சேற்றில் முதல் ஓரிரு மில்லிமீட்டருக்குக் கீழே ஒளிச்சேர்க்கைக்குப் போதுமான ஒளி இராது. மணலில் இன்னும் சில மில்லிமீட்டர் ஆழம் வரை ஒளி செல்லும். ஆக்சிசனின் நிலையும் இதைப் போன்றதே. சேற்றிலுள்ள பாக்டீரியாக்கள் அதை விரைந்து பயன்படுத்திவிடுவதால், மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டர் ஆழத்திலேயே ஆக்சிசன் அற்ற கரிய சேறு தொடங்கிவிடும். அழுகிய முட்டையின் மணம் கொண்ட ஐதரசன் சல்பைடு அப்பகுதியில்தான் உருவாகிறது. எனவே இப்பாசிகள் வாழத்தக்க இடம், ஒளியும் ஆக்சிசனும் உள்ள மிக மெல்லிய மேலடுக்கு மட்டுமே.

இந்த மெல்லிய அடுக்கில் வாழ்வதில் ஒரு நன்மையும் உண்டு. கீழுள்ள சேற்றில் கரிமப் பொருட்கள் மட்கும்போது வெளிவரும் அம்மோனியம், பாசுபேட்டு ஆகிய ஊட்டப்பொருட்கள் மேல்நோக்கிப் பரவுகின்றன. அவை நீரை அடையுமுன் பாசிகளைக் கடந்தே செல்ல வேண்டும். ஆகவே ஒளி மேலிருந்தும் உரம் கீழிருந்தும் இவற்றுக்குக் கிடைக்கின்றன.

முக்கிய வகைகள்

டயாட்டம்கள்: சேற்றுவெளிகளில் எண்ணிக்கையிலும் இனவகையிலும் மிகுந்து காணப்படுபவை இவை. இவற்றின் உயிரணுவைச் சுற்றிச் சிலிக்காவால் ஆன கண்ணாடி போன்ற ஓடு உண்டு. ஒரு பெட்டியும் அதன் மூடியும் போல இரண்டு பாதிகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தியிருப்பதால் தமிழில் இவை இருகலப் பாசிகள் எனவும் வழங்கப்படுகின்றன. பச்சையத்துடன் ஃபியூகோசாந்தின் என்னும் பழுப்பு நிறமியும் இருப்பதால் இவை பொன்பழுப்பாகத் தோன்றுகின்றன. நாவிகுலா, நிட்சியா, கைரோசிக்மா, புளூரோசிக்மா, சிலிண்ட்ரோதீக்கா ஆகியவை சேற்றில் பொதுவாகக் காணப்படும் பேரினங்கள். மணல் துகள்களில் ஒட்டி வாழ்பவற்றுள் கொக்கோனீசு, ஆம்போரா ஆகியவற்றைக் குறிப்பிடலாம்.

நீலப்பச்சைப் பாசிகள்: இவை உண்மையில் ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாக்கள், சயனோபாக்டீரியா என்று அழைக்கப்படுகின்றன. இழை வடிவிலான இனங்கள் ஒன்றோடொன்று பின்னிப் பாய் போன்ற விரிப்புகளை உருவாக்குகின்றன. இவற்றுள் சில, காற்றிலுள்ள நைட்ரசனை உயிரினங்கள் பயன்படுத்தக்கூடிய சேர்மமாக மாற்ற வல்லவை.

யூக்ளினா வகைகள்: இவை பச்சை நிறமானவை. ஊட்டப்பொருட்கள் மிகுந்த உட்கழிமுகச் சேற்றில் இவை பெருகும்போது, வற்ற நேரத்தில் கரை முழுவதும் பச்சை வண்ணம் பூசியது போல் தோன்றும்.

ஊர்தல்

காலோ கசையோ இல்லாத டயாட்டம் எவ்வாறு நகர்கிறது என்பது நெடுங்காலம் விளங்காத வினாவாக இருந்தது. சேற்றில் ஊரும் டயாட்டம்களின் ஓட்டில் நீளவாக்கில் ஒரு குறுகிய பிளவு உண்டு. அப்பிளவின் வழியே உயிரணு ஒட்டும் தன்மையுள்ள பசையைச் சுரக்கிறது. பசை தரையைப் பற்றிக்கொள்ள, உயிரணுவின் உள்ளே ஆக்டின், மயோசின் என்னும் புரதங்கள் அப்பற்றுதலைப் பின்னோக்கித் தள்ளுகின்றன. உயிரணு முன்னோக்கிச் செல்கிறது. நம் தசைகளை இயக்குபவையும் இவ்விரு புரதங்களே. நுண்ணோக்கியின் கீழ் இவை நொடிக்குச் சில மைக்ரோமீட்டர் முதல் 20 மைக்ரோமீட்டர் வரை நகர்வதைக் காணலாம். வாழிடமே ஓரிரு மில்லிமீட்டர்தான் என்பதால், இவ்வேகம் இவற்றுக்குப் போதுமானது.

ஓதத்தோடு இயையும் கடிகாரம்

பகலில் ஓதம் வற்றியதும் இப்பாசிகள் சேற்றின் மேற்பரப்புக்கு ஏறி வருகின்றன. ஓதம் மீண்டும் ஏறுவதற்கு முன்பே அவை கீழே இறங்கிவிடுகின்றன. இதனால் சேற்றுவெளியின் நிறமே சில மணிநேரங்களில் மாறுவதைக் கரையிலிருந்து வெறுங்கண்ணாலும் பார்க்க முடியும். நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்படாமல் தப்புவது, மேய்ச்சல் விலங்குகளிடமிருந்து விலகுவது, கீழுள்ள ஊட்டப்பொருட்களைப் பெறுவது ஆகியவை இதன் பயன்களாகக் கருதப்படுகின்றன. மிகக் கடுமையான வெயிலில் சில இனங்கள் சற்றுக் கீழிறங்கி ஒளியின் தாக்கத்தைத் தணித்துக்கொள்வதும் உண்டு.

கடலோர டயாட்டம்களின் இந்த ஓத ஒழுங்கைப் பற்றிப் பிரான்சைச் சேர்ந்த ஃபோவெல், போன் ஆகியோர் 1907 இலேயே எழுதியுள்ளனர். 1960களில் ஜான் பால்மர், ஃபிராங்க் ரவுண்டு ஆகியோர் இதை விரிவாக ஆராய்ந்தனர். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரருகே ஏவன் ஆற்றின் சேற்றிலிருந்து யூக்ளினா ஒப்டூசா என்னும் இனத்தையும், அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்திலுள்ள பார்ன்ஸ்டபிள் துறைமுகப் பகுதியிலிருந்து ஹான்ட்சியா விர்கேட்டா என்னும் டயாட்டத்தையும் அவர்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டனர். சேற்றை ஆய்வகத்திற்குக் கொண்டுவந்து, ஓதமே இல்லாத தட்டில் வைத்த பின்னரும், பாசிகள் சில நாட்களுக்குத் தம் வழக்கமான நேரத்தில் ஏறி இறங்கின. அதாவது, நேரத்தைக் கணிக்கும் ஒழுங்கு உயிரணுவின் உள்ளேயே உள்ளது.

ஹான்ட்சியாவின் நடத்தை குறிப்பிடத்தக்கது. ஓதம் வற்றும் நேரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அதற்கேற்ப இப்பாசியும் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தாமதித்து மேலே வருகிறது. இப்படியே சென்றால் ஒரு கட்டத்தில் அது இருட்டில் மேலே வர நேரிடும். ஆனால் வற்ற நேரம் மாலையை நெருங்கியதும் அது அந்நேரத்தைக் கைவிட்டு, மறுநாள் காலை வற்றத்திற்கு மாறிக்கொள்கிறது. மூளையோ நரம்போ இல்லாத ஓர் உயிரணு, சூரியனின் நாளையும் நிலவின் ஓதத்தையும் ஒருங்கே கணக்கில் கொள்வதற்கு இது எடுத்துக்காட்டு.

சேற்றைப் பிணைக்கும் பசை

டயாட்டம்கள் ஊர்வதற்காகவும் பிற தேவைகளுக்காகவும் சுரக்கும் பசை பெரும்பாலும் கூட்டுச் சர்க்கரைகளால் ஆனது. ஒளிச்சேர்க்கையில் தாம் உருவாக்கும் கரிமத்தில் கணிசமான பங்கை இவை இவ்வாறு வெளியேற்றுகின்றன. இப்பசை சேற்றுத் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டி, மேற்பரப்பை வழவழப்பான தோல் போல் ஆக்குகிறது. இதனால் சேற்றை அரித்தெடுப்பதற்கு நீரோட்டத்திற்குக் கூடுதல் விசை தேவைப்படுகிறது.

1974 இல் ஹாலந்து, சிங்மார்க், டீன் ஆகியோர் ஆய்வகத்தில் வளர்த்த டயாட்டம்களைக் கொண்டு இதை அளந்து காட்டினர். பசையை மிகுதியாகச் சுரக்கும் இனங்கள் படிவை நன்கு நிலைப்படுத்தின. குறைவாகச் சுரக்கும் இனங்களால் அவ்வாறு செய்ய இயலவில்லை. பாசிகள் ஏறி இறங்கும்போது சேற்றின் அரிபடும் தன்மையும் சில மணிநேரங்களுக்குள் மாறுகிறது என்பதை டேவிட் பேட்டர்சன் 1989 இல் வெளியிட்டார்.

இதன் பொருள், சேற்றின் உறுதியைத் துகளின் அளவு, எடை ஆகிய இயற்பியல் அளவுகளை மட்டும் கொண்டு கணக்கிட முடியாது என்பதாகும். ஒரே வகைச் சேறு, பாசிப் படலம் உள்ளபோது ஒருவாறும் அது இல்லாதபோது வேறொருவாறும் அரிபடும். துறைமுகக் கால்வாய்களில் எவ்வளவு வண்டல் வந்து சேரும் என்று கணிக்கும் பொறியாளர்களுக்கும் இது தேவைப்படும் செய்தி.

உணவு உற்பத்தி

படிவுவாழ் பாசிகள் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஓர் ஆண்டில் எத்தனை கிராம் கரிமத்தை ஒளிச்சேர்க்கை மூலம் நிலைப்படுத்துகின்றன என்பது இவற்றின் உற்பத்தியை ஒப்பிடுவதற்கான அளவு. வாடன் கடலின் நெதர்லாந்துப் பகுதியில் காதே, ஹேகமன் ஆகியோர் 1974 இல் வெளியிட்ட ஆய்வில் இது ஏறத்தாழ 100 கிராம் எனக் கண்டனர். நெதர்லாந்து–ஜெர்மனி எல்லையிலுள்ள எம்சு–டொல்லார்டு கழிமுகத்தில் கோலைன், டி யோங் ஆகியோர் 1984 இல் வெளியிட்ட அளவு, இடத்துக்கு இடம் 50 முதல் 250 கிராம் வரை. பல கழிமுகங்களின் அளவுகளைத் தொகுத்த அண்டர்வுட், குரோம்காம்ப் ஆகியோரின் 1999 ஆம் ஆண்டுக் கட்டுரை 29 முதல் 314 கிராம் வரை எனக் குறிப்பிடுகிறது. சில கழிமுகங்களின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ பாதி வரை இப்பாசிகளுடையதாக இருக்கலாம்.

இது எவ்வாறு இயலும்? பல கழிமுகங்களின் நீர் வண்டலால் கலங்கியிருக்கும். அக்கலங்கிய நீரில் மிதக்கும் பாசிகளுக்குப் போதிய ஒளி கிடைப்பதில்லை. சேற்றுவெளியில் வாழும் பாசிகளுக்கோ, ஓதம் வற்றும்போது தடையின்றிச் சூரிய ஒளி கிடைக்கிறது. ஆகவே நீர் கலங்கக் கலங்க, வெளிப்படும் சேற்றுவெளியின் பங்கு ஒப்பளவில் உயர்கிறது. மேலும், காற்று வீசி அலை எழும்போது சேற்றோடு பாசிகளும் நீரில் கலக்கின்றன. நீரில் எடுத்த மாதிரியில் காணப்படும் டயாட்டம்களில் ஒரு பகுதி, உண்மையில் சேற்றுவெளியிலிருந்து வந்தவையாக இருப்பது இதனால்தான்.

மக்கின்டயர், கெய்டர், மில்லர் ஆகியோர் 1996 இல் இப்பாசிகளைப் பற்றி எழுதிய தொகுப்புக் கட்டுரையின் தலைப்பில் இவற்றை மறைவான தோட்டம் என்னும் பொருள்படக் குறிப்பிட்டனர். அப்பெயர் துறைசார் எழுத்துகளில் இன்றும் வழங்குகிறது.

உற்பத்தியோடு வேறு இரு பணிகளும் நிகழ்கின்றன. பாசிகள் வெளியிடும் ஆக்சிசன் சேற்றின் மேலடுக்கில் ஊடுருவுவதால், அங்கு புழுக்களும் பிற சிறு விலங்குகளும் வாழ முடிகிறது. சேற்றிலிருந்து வெளிவரும் ஊட்டப்பொருட்களைப் பாசிகள் வழியிலேயே உறிஞ்சிக்கொள்வதால், அவை மேலுள்ள நீருக்குச் செல்லும் அளவு குறைகிறது. இவ்வகையில் இப்படலம் ஒரு வடிகட்டியாகவும் செயல்படுகிறது.

உணவு வலை

சேற்று நத்தைகள், இறாலை ஒத்த ஓட்டுடலியான கொரோஃபியம் என்னும் சிறு விலங்கு, நூற்புழுக்கள் ஆகியவை இப்பாசிகளை நேரடியாக மேய்கின்றன. மீன்களுள் மடவை சேற்றின் மேற்படலத்தை வாயால் அள்ளி உண்பது பலரும் அறிந்தது. தமிழகத்தின் கழிமுகங்களிலும் அலையாத்திக் காடுகளிலும் காணப்படும் சேற்றில் தாவும் மீன்களுள் போலியோஃப்தால்மசு போட்டார்டி என்னும் இனம், தலையை இடமும் வலமும் அசைத்துச் சேற்றின் மேலுள்ள டயாட்டம்களை வழித்து உண்கிறது.

இந்த உணவு வலையின் கண்ணிகள் எவ்வளவு நெருக்கமாகப் பிணைந்துள்ளன என்பதை, பண்டி வளைகுடாவில் செய்யப்பட்டு 1993 இல் டாபார்ன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வலசை வரும் சிறு உள்ளான்கள் கொரோஃபியத்தைப் பெருமளவில் தின்றன. மேய்ச்சல் குறைந்ததால் டயாட்டம்கள் பெருகின. டயாட்டம்கள் சுரந்த பசையால் சேறு உறுதியடைந்தது. பறவைகளின் வருகை சேற்றின் உறுதியை மாற்றுகிறது என்பது அதுவரை எதிர்பார்க்கப்படாத முடிவாகும்.

பறவைகள் பாசிப் படலத்தை நேரடியாகவும் உண்கின்றன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் ஃபிரேசர் ஆற்றின் கழிமுகச் சேற்றுவெளிகளுக்கு, மேற்கத்திய உள்ளான் என்னும் பறவைகள் இலட்சக்கணக்கில் இளவேனிலில் வந்து தங்கி அலாஸ்காவுக்குச் செல்கின்றன. இவை நம் நாட்டுக்கு வலசை வரும் கொசு உள்ளானின் நெருங்கிய உறவினங்கள். எடை 30 கிராம் அளவே. இவற்றின் நாவின் நுனியில் தூரிகை போன்ற மயிர்த்தொகுதி உள்ளது. ஜப்பானின் துறைமுக, விமான நிலைய ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த தொமொஹிரோ குவாயே தலைமையிலான குழு, இவை அந்நாவால் சேற்றின் உயிர்ப்படலத்தை நக்கி உண்பதை 2008 இல் வெளியிட்டது. அவற்றின் உணவில் இப்படலத்தின் பங்கு 45 முதல் 59 விழுக்காடு எனக் கணிக்கப்பட்டது. அதுவரை இத்தகைய படலத்தை முதுகெலும்பற்ற உயிர்களும் சில மீன்களுமே உண்பதாகக் கருதப்பட்டது.

துறைமுகப் படிவுகளில் உறங்கும் பாசிகள்

துறைமுகங்களின் ஆழமான பகுதிகளில் அடித்தளத்தை ஒளி எட்டுவதில்லை. ஆயினும் அங்குள்ள சேற்றிலும் உயிருள்ள பாசிகள் உண்டு. இவை அங்கு வளர்பவை அல்ல, உறங்குபவை. மிதவைப்பாசிகளுள் டைனோஃபிளாஜெலேட்டுகள் என்னும் பிரிவைச் சேர்ந்த பல இனங்கள், சூழல் ஒவ்வாதபோது தடித்த சுவருடைய உறங்குநிலை உயிரணுவாக மாறி அடியில் படிகின்றன. இவ்வுயிரணு சிஸ்ட் எனப்படும். சூழல் சீரானதும் சிஸ்ட் முளைத்து மீண்டும் நீரில் பெருகும். மிதவை டயாட்டம்கள் சிலவும் இவ்வாறு உறங்க வல்லவை. டென்மார்க்கின் மாரியாகர் கடல்நுழைவுப் படிவுகளிலிருந்து ஏறத்தாழ நூறாண்டுப் பழமையான டயாட்டம்கள் மீண்டும் வளர்க்கப்பட்டது 2011 இல் வெளியிடப்பட்டது.

இவ்வுறங்கிகள் கப்பல்கள் வழியே நாடு விட்டு நாடு செல்கின்றன. சரக்கு இல்லாத கப்பல் நிலைதடுமாறாமல் இருக்க அதன் தொட்டிகளில் நீர் ஏற்றப்படும். துறைமுகத்தில் நீரை உறிஞ்சும்போது கலங்கிய சேறும் உடன் வந்து தொட்டியின் அடியில் தங்குகிறது. ஆஸ்திரேலியாவின் 18 துறைமுகங்களுக்கு வந்த 343 சரக்குக் கப்பல்களை ஹாலகிராஃப், போல்ச் ஆகியோர் ஆய்வு செய்து 1990களின் தொடக்கத்தில் முடிவுகளை வெளியிட்டனர். 65 விழுக்காட்டுக் கப்பல்களின் தொட்டிகளில் குறிப்பிடத்தக்க அளவு படிவு இருந்தது. 16 கப்பல்களில் நச்சுத்தன்மையுள்ள டைனோஃபிளாஜெலேட்டுகளின் சிஸ்ட்கள் இருந்தன. ஒரு கப்பலின் ஒரே தொட்டியில் மட்டும் 30 கோடிக்கும் மேற்பட்ட சிஸ்ட்கள் இருந்ததாகக் கணிக்கப்பட்டது.

தாசுமேனியாவில் ஜிம்னோடினியம் கேட்டனேட்டம் என்னும் நச்சுப்பாசி பெருகியதால் 1986 இல் சிப்பிப் பண்ணைகள் மூடப்பட்டன. இப்பாசியின் நஞ்சு சிப்பிகளின் உடலில் சேர்கிறது; அவற்றை உண்பவருக்கு வாதம் ஏற்பட்டு மூச்சு நின்றுபோகவும் கூடும். அங்குள்ள படிவுகளை அடுக்கடுக்காக வெட்டியெடுத்து ஆராய்ந்தபோது, 1970களுக்கு முந்தைய அடுக்குகளில் அப்பாசியின் சிஸ்ட்கள் காணப்படவில்லை. அது அண்மையில் வந்து சேர்ந்த இனம் என்பதற்குச் சேறே சான்றாக அமைந்தது. கப்பல் தொட்டி நீரையும் படிவுகளையும் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை 2004 இல் ஏற்கப்பட்டு, 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

ஆய்வு முறைகள்

சேற்றிலிருந்து பாசிகளைப் பிரித்தெடுப்பது கடினம். எனவே இவற்றின் நகரும் இயல்பையே பயன்படுத்தும் எளிய முறை ஒன்றை ஈட்டன், மாஸ் ஆகியோர் 1966 இல் விளக்கினர். சேற்றை ஒரு தட்டில் பரப்பி, மேலே நிற்கும் நீரை வடித்துவிட்டு, கண்ணாடி வில்லைகளைத் துடைக்கப் பயன்படும் மெல்லிய தாளை அதன்மேல் விரித்து வெளிச்சத்தில் வைக்க வேண்டும். சில மணிநேரத்தில் பாசிகள் ஒளியை நாடித் தாளின் இழைகளுக்குள் ஏறிவிடும். தாளை எடுத்துச் சிறிது நீரில் அலசினால், சேறு கலவாத பாசிகள் கிடைக்கும். பள்ளி நுண்ணோக்கியில் 100 மடங்கு உருப்பெருக்கத்திலேயே பெரிய டயாட்டம்கள் ஊர்வதைக் காணலாம். துறைமுக, நகர்ப்புறச் சேற்றில் கழிவுநீர் கலந்திருக்கக்கூடும் என்பதால் கையுறை அணிந்தே அதைக் கையாள வேண்டும்.

ஆய்வாளர்கள் பயன்படுத்தும் பிற முறைகளுள், சேற்றின் மேலடுக்கை வெட்டியெடுத்துப் பச்சையத்தின் அளவைக் கணிப்பது, ஊசி போன்ற நுண்மின்முனையால் சேற்றினுள் ஆக்சிசனை அளப்பது, பச்சையம் உமிழும் ஒளிர்வைக் கொண்டு ஒளிச்சேர்க்கையை அறிவது, செயற்கைக்கோள் படங்களிலிருந்து படலத்தின் பரவலைக் கணிப்பது ஆகியவை அடங்கும்.

மனிதச் செயல்களின் தாக்கம்

நிரப்புதல்: சேற்றுவெளியை மண்ணிட்டு நிரப்பினாலோ கடலிலிருந்து அணையால் பிரித்தாலோ, படலம் வாழும் பரப்பே இல்லாமல் போகிறது. தென்கொரியாவின் செமங்கும் பகுதியில் 33 கிலோமீட்டர் நீளமுள்ள கடலணை 2006 இல் மூடப்பட்டு, பரந்த ஓதச் சேற்றுவெளி கடலோடு தொடர்பு இழந்தது இதற்கு எடுத்துக்காட்டு.

தூர்வாருதல்: பெரிய கப்பல்கள் செல்லக் கால்வாயை ஆழப்படுத்தும்போது ஓதத்தின் வேகமும் வண்டலின் போக்கும் மாறுகின்றன. ஜெர்மனியின் எம்சு ஆற்றின் கீழ்ப்பகுதி பலமுறை ஆழப்படுத்தப்பட்டதன் பின்னர் நீர் கடுமையாகக் கலங்கி, அடியில் குழம்பு போன்ற சேறு தேங்கி, கோடையில் ஆக்சிசன் பற்றாக்குறை ஏற்படும் நிலையை அடைந்தது.

கப்பல் வண்ணப்பூச்சுகள்: கப்பலின் அடிப்புறத்தில் பாசியும் சிப்பியும் படியாமலிருக்க நச்சுப் பூச்சுகள் பூசப்படுகின்றன. சிப்பிகளுக்கும் நத்தைகளுக்கும் கேடு விளைவித்த டிரைபியூட்டைல்டின் என்னும் வெள்ளீயச் சேர்மம் 2008 இல் பன்னாட்டு அளவில் தடை செய்யப்பட்டது. பூச்சுகளில் சேர்க்கப்பட்ட மற்றொரு பொருளான சைபுட்ரின், ஒளிச்சேர்க்கையையே தடுக்கும் களைக்கொல்லி. கப்பலில் ஒட்டும் பாசியையும் சேற்றில் வாழும் பாசியையும் அது வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. இதன் பயன்பாடு 2023 சனவரி முதல் பன்னாட்டு விதிகளால் தடை செய்யப்பட்டுள்ளது.

உப்பின் அளவு மாறுதல்: ஃபிரேசர் கழிமுகத்தில், மேற்கத்திய உள்ளான்கள் தங்கும் ராபர்ட்ஸ் பேங்க் பகுதியிலேயே வான்கூவர் துறைமுகத்தின் நிலக்கரி, சரக்குப்பெட்டக முனையங்கள் உள்ளன. அங்கு செயற்கைத் தீவில் மேலும் ஒரு சரக்குப்பெட்டக முனையம் அமைக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது, உயிர்ப்படலம் முக்கியமான விவாதப் பொருளாயிற்று. புதிய தீவு நன்னீர், உவர்நீர் கலக்கும் முறையை மாற்றும் எனவும், அதனால் டயாட்டம்கள் சேமிக்கும் கொழுப்பு மாறி, நெடும்பயணம் செல்லும் பறவைகளுக்கு உணவின் தரம் குறையக்கூடும் எனவும் கனடாவின் சுற்றுச்சூழல் துறை அறிவியலாளர்கள் எச்சரித்தனர். திட்டத்தை முன்வைத்தவர்கள் இதை ஏற்கவில்லை. மறுஆய்வுக் குழு 2020 இல் அறிக்கை அளித்தது. கனடா நடுவண் அரசு 2023 ஏப்ரலில் 370 நிபந்தனைகளுடன் திட்டத்திற்கு ஒப்புதல் வழங்கியது.

இவ்விவாதம் எழுப்பிய கேள்வி பிற துறைமுகங்களுக்கும் பொருந்தும். சேற்றுவெளிகளின் பாதுகாப்பு வழக்கமாகப் பரப்பளவைக் கொண்டே கணக்கிடப்படுகிறது: இத்தனை ஏக்கர் அழிந்தது, இத்தனை ஏக்கர் ஈடாக உருவாக்கப்பட்டது என்பதே அக்கணக்கு. ஆனால் நிலப்படத்தில் சேற்றுவெளியின் பரப்பு சற்றும் குறையாமல் இருக்கும்போதே, உப்பும் கலங்கலும் நஞ்சும் மாறுவதால் அதன் மேலுள்ள ஓரிரு மில்லிமீட்டர் படலம் மாறிவிடக்கூடும். அதை உண்ணும் நத்தைக்கும் மீனுக்கும் பறவைக்கும் தேவையானது சேற்றின் பரப்பு மட்டுமன்று. அதன் மேல் வளரும் பாசியும் ஆகும்.